முதலாளி படுத்த பஞ்சு

மெத்தையக்கா யாருக்கு மெத்தை தைத்துக் கொடுத்தாலும் கூடவே ஒரு கனவையும் சொல்லி அனுப்புவாள். அது அவள் தொழில்முறை. உறைக்குள் பஞ்சைத் திணித்து, மூலைகளைக் குத்தி நிரப்பி, கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்ததும், மெத்தையைக் கடை நடுவில் விரித்து அதன்மேல் தானே படுத்துவிடுவாள். எங்கே பஞ்சு திரண்டிருக்கிறது, எங்கே பள்ளம் விழுகிறது என்பது முதுகுக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியாது என்பது அவள் கட்சி. முதுகு சோதனை போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும். மத்தியான வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே இறங்கும். அந்த வெளிச்சக் கம்பிகளுக்குள் பஞ்சு இழைகள் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் மிதந்துகொண்டிருக்கும். அதற்கு நடுவில் அக்கா குறட்டை விடுவாள். எழுந்ததும், வந்த கனவை மெத்தைக்குச் சொந்தக்காரரிடம் ஒப்பித்துவிடுவாள்.

"உங்க மெத்தையில படுத்தேன். ஒரு பெரிய படகு வந்துச்சு. ஆளே இல்ல, ஒரு பூசணிக்காய் மட்டும் ஒக்காந்திருந்துச்சு. நல்ல மெத்தைதான், எடுத்துட்டுப் போங்க."

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் கனவைக் கேட்டுக்கொள்ளாமல் மெத்தையைத் தூக்கிப்போனவர் அந்தத் தெருவில் கிடையாது.

இதில் ஒரே ஒரு சங்கடம். வந்ததெல்லாம் அடுத்தவர் கனவு. பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்து, மாமாவிடம் தொழில் கற்று, மாமாவுக்குப் பிறகு கடையைத் தானே கட்டி ஆண்டவளுக்குச் சொந்தமாக ஒரு மெத்தை இல்லை. கட்டிக்கொண்டவர் கப்பல் வேலைக்கென்று போனார். போன இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். அவர் போனதற்கு அக்கா அழுததைவிட, போகிறபோது தலையணையையும் தூக்கிக்கொண்டு போனதற்குத் திட்டியதுதான் அதிகம். அதற்குப் பிறகு அவள் கோணியை விரித்தோ, மறுநாள் கொடுக்க வேண்டிய மெத்தையின் ஓரத்திலோ படுத்தே காலத்தை ஓட்டினாள். வருகிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நல்ல இலவம்பஞ்சாகப் பார்த்து ஒரு பிடி தனியாக எடுத்து வைப்பாள். பிடி பிடியாகச் சேர்ந்து, ஒருவழியாக அவளுக்கென்று ஒரு மெத்தை எழும்பியிருந்தது. கடையின் பின்சுவரை ஒட்டி, பழைய பலகைமேல், வெள்ளை உறையில். அதில் அவள் இன்னும் படுக்கவில்லை. இடது மூலையில் இன்னும் கொஞ்சம் பஞ்சு குறைகிறது என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஆசையோடு காத்திருந்து பழகியவர்களுக்கு ஆசை நிறைவேறும் நேரத்தில் ஒரு கூச்சம் வந்துவிடும் போலிருக்கிறது.

முதலாளிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. உறை தைத்து முடிக்கும் முன்பே ஏறிப் படுத்துவிட்டார். முதலாளி என்பது பூனை. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டே, வேலை செய்கிறவளை அரைக்கண்ணால் பார்ப்பதால் அந்தப் பெயர். வாடிக்கையாளர்கள், "முதலாளி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். ஆகவே இந்தக் கதையிலும் அவருக்கு மரியாதை குறையாது.

பஞ்சு இருக்கிற இடத்தில் கதகதப்பு இருக்கும். அதனால் தெருவின் பூனைகள் எல்லாமே ஏதாவது ஒரு பொழுதில் அங்கே வந்து சுருண்டு கிடக்கும். மீன்காரம்மா வளர்த்த பூனை போட்ட சாம்பல் நிறக் குட்டி ஒன்று கடையிலேயே தங்கிவிட்டது. அக்கா அதற்கென்று ஒரு குட்டித் திண்டு தைத்துப் போட்டிருந்தாள். மழைக்காலத்தின் தொடக்கத்தில் அந்தக் குட்டி சாப்பாட்டை விட்டது. மஞ்சளாக வாந்தி எடுத்தது. பிறகு தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் போய் உட்கார்ந்து, தலையைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு, குடிக்காமல் அப்படியே இருந்தது. தாகம் இருக்கிறது, தண்ணீர் எதிரில் இருக்கிறது, ஆனால் குடிக்க முடியவில்லை. அக்கா விரலை நனைத்து அதன் வாயில் தடவினாள். அதுவும் வழிந்துவிட்டது. மறுநாள் குட்டி இல்லை. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து, கை கழுவக்கூடத் தோன்றாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்து அவள் செய்ததை மெத்தைக்காரியைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பஞ்சை வீணாக்கக் கூடாது என்பது மாமா கற்றுக்கொடுத்த முதல் பாடம். எவ்வளவு பழைய மெத்தையாக இருந்தாலும் பிரித்து, வெயிலில் காயப் போட்டு, கம்பால் அடித்துவிட்டால் பஞ்சு மறுபடியும் புதிதாகிவிடும். அழுக்கும் நோயும் துக்கமும் வெயிலோடு போய்விடும் என்று அவள் உறுதியாக நம்பினாள். குட்டியின் திண்டைப் பிரித்தாள். மழை விட்ட ஒரு நாளில் காயப் போட்டாள். கம்பால் அடித்தாள். அடித்த பஞ்சு தீயில்லாத புகை மாதிரி கடை முழுக்க எழும்பி, மற்றக் குவியல்கள் மேலும், வெள்ளை மெத்தை மேலும், தூங்கிக்கொண்டிருந்த முதலாளி மேலும் மெல்ல இறங்கியது. அதை நல்ல பஞ்சோடு கலந்து, குளிர் காலமாயிற்றே, பாவம் வாயில்லா ஜீவன்கள் என்று, பூனை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டித் திண்டு தைத்தாள். காசு வாங்கவில்லை. குட்டியின் ஞாபகமாக இருக்கட்டும் என்று தானே வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாயிற்று.

பிறகு ஒவ்வொரு வீடாகப் பூனைகள் விழுந்தன. முதலில் தையல்காரர் வீட்டில், அப்புறம் சைக்கிள் கடையில், அப்புறம் மீன்காரம்மாவின் தாய்ப்பூனை. எல்லாம் ஒரே மாதிரி. வாந்தி, கழிச்சல், கிண்ணத்துக்கு மேல் தொங்குகிற தலை. மிருக வைத்தியசாலையில் டாக்டர் சொன்ன செலவைக் கேட்டுத் தெருவுக்கே மூச்சு முட்டியது. ஊசி, மருந்து, நாள் கணக்கில் அங்கேயே வைத்து ஏற்றுகிற குளுக்கோஸ். தையல்காரர் புதிதாக வாங்கிய மிஷினை விற்றுப் பூனையைக் காப்பாற்றினார். "பூனைக்கா மிஷினை வித்தீங்க?" என்று கேட்டவர்களிடம், "பின்ன, மிஷினுக்காகப் பூனையை விக்கச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார். சைக்கிள் கடைக்காரரால் முடியவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய மாதம் அது. மகள் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல், அதன் மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவர் பிறகு சொன்னார்.

இழப்பு வந்த இடத்தில் ஊர் வாய் ஆளைத் தேடும். மீன்காரம்மாதான் வழக்கமாகப் பூனைகளுக்கு மீன் தலையை வீசுகிறவள். குட்டியும் அவள் வீட்டுப் பூனை போட்டது. அழுகின மீனைப் போட்டுக் கொன்றுவிட்டாள் என்று பேச்சுக் கிளம்பியது. பூனைக்கே ஆகாத மீன் மனுஷனுக்கு ஆகுமா என்று அடுத்த பேச்சு. மதியத்துக்குள் காலியாகிற கூடை சாயங்காலம் வரை கனத்தது. "மீன்லதான்டி ஏதோ இருக்கு, இல்ல?" என்று தையல்காரர் மனைவி வந்து கேட்டபோது மெத்தையக்காவின் வாயில் ஊசி இருந்தது. "ம்" என்றாள். வாயில் ஊசி இருந்தால் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் ஊசியை எடுத்த பிறகும் அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த "ம்" தெருக்கோடி வரை போய்விட்டது.

முதலாளி சாப்பிடாத அன்று அக்கா மெத்தை தைக்கவில்லை. கிண்ணத்துக்கு முன்னால் அந்தச் செம்பட்டைத் தலை தொங்கியதைப் பார்த்ததும், அவரை ஒரு தலையணை உறைக்குள் போட்டு அணைத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினாள். அங்கே கூண்டுகள் வரிசையாக இருந்தன. சின்னச் சின்னக் கால்களில் துணி சுற்றி, குழாய் வழியே குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டு விழுகிற அமைதியில், அந்த அறைக்கே தூக்கம் வந்துவிட்டது போலிருந்தது. டாக்டர் தாடி மழிக்க நேரமில்லாத மனிதர். முதலாளியின் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இந்த நோய்க்கிருமியைக் கொல்ற மருந்து இல்லம்மா. ஒடம்பு தானா சண்டை போடணும். அதுவரைக்கும் ஒடம்பு விழுந்துடாம நாம தாங்கிப் பிடிக்கணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் இந்தச் செலவு."

"தாங்கிப் பிடிங்க டாக்டர். நான் பாத்துக்கறேன்."

"எல்லாப் பூனையும் உங்க தெருவுலேர்ந்துதான் வருது. எங்க கூடுதுங்க? எதுல படுக்குதுங்க?"

"பஞ்சுலதான்." அக்கா பெருமையாகவே சொன்னாள். "எல்லா வீட்டுக்கும் நானே திண்டு தைச்சுக் கொடுத்தேன். நோய்ல செத்த குட்டியோட பஞ்சுதான், ஆனா நல்லாக் காயவச்சு, அடிச்சு, சுத்தம் பண்ணித்தான்..."

பாதியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். இந்தக் கிருமி வெயிலுக்கெல்லாம் அசையாது, பஞ்சிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடிக்க அடிக்கப் பரவத்தான் செய்யும் என்று மெதுவாகச் சொன்னார். மனிதர்களை ஒன்றும் செய்யாது, பூனைகளைத்தான் விடாது. முதலில் எங்கிருந்து வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது, யாருடைய செருப்பிலாவது ஒட்டிக்கொண்டுகூட வந்திருக்கும். ஆனால் இனிமேல் பரவாமல் இருக்க வேண்டுமென்றால் கடையிலிருக்கிற பஞ்சை முழுக்கக் கொளுத்திவிட வேண்டும், தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும்.

"முழுக்கவா?"

"முழுக்கம்மா. ஒரு பிடி மிச்சம் வச்சாலும் அதுல இருக்கும்."

திரும்பி நடந்தபோது தெரு அவளுக்கு உறைக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி மங்கலாகத் தெரிந்தது. கடையைத் திறந்தாள். வெளிச்சக் கம்பிகளுக்குள் பஞ்சு இழைகள் எப்போதும் போல மிதந்துகொண்டிருந்தன. வாழ்நாள் முழுக்க அழகு என்று நினைத்துப் பார்த்த காட்சி அது. இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நான்தான், என் கையால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து விடுதிக்காரர் வந்து சேர்ந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதி நடத்துகிறவர். ஊரிலிருந்து வருகிறவர்களையெல்லாம் தூங்க வைக்கிற அவருக்குத் தூக்கம் கிடையாது. போன மாதம் தலையணை வாங்க வந்தவர், காத்திருந்த நேரத்தில் அக்காவின் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து, சாய்ந்து, சாயங்காலம் வரை அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த மெத்தையை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா கொடுப்பதாக இல்லை.

"என்னம்மா, இன்னைக்காவது மனசு எறங்குவியா? நீ சொல்றதுதான் விலை. பணம் கையோட கொண்டாந்திருக்கேன், வண்டியும் வெளிய நிக்குது."

அவர் நீட்டிய கட்டு டாக்டர் சொன்ன செலவுக்கு மேலேயே இருக்கும். அக்கா அதைப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள். மனிதர்களை ஒன்றும் செய்யாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இவர் மனிதர்தானே? தூக்கமில்லாதவர் தூங்கப் போகிறார், முதலாளி பிழைக்கப் போகிறார், யாருக்கு என்ன நஷ்டம்? அவள் தலை தன்னாலே ஆடியது. விடுதிக்காரர் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டு, மெத்தையைத் தட்டிக் கொடுத்தார்.

"இன்னைக்கே விரிச்சிடறேன். எங்க விடுதிப் பூனை குட்டி போட்டிருக்கும்மா. நான் எங்க படுத்தாலும் அதுங்களும் வந்து நெஞ்சு மேல ஏறிக்கும். இனிமே அதுங்களுக்கும் ராஜ வாழ்க்கைதான்."

பணம் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. முதலாளியின் கால், அதில் சுற்றிய துணி, விழுகிற சொட்டு எல்லாம் கண்முன் வந்து போயின. வாயில் இப்போது ஊசி இல்லை.

"அண்ணே, இந்தாங்க பணம். இந்த மெத்தை வேண்டாம்."

"ஏம்மா, பத்தலையா?"

"இதுல நோய் இருக்கு. என் பூனை இதுலதான் படுத்திருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. குட்டிங்க தங்காது. நீங்க இங்க வந்த செருப்போட அதுங்ககிட்டப் போகாதீங்க, கழுவிட்டுப் போங்க."

அவர் பணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனார்.

வைத்தியச் செலவுக்கு என்ன வழி? கடைத்தெரு முனையில் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்பாஞ்சு மெத்தைக் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்காரரை அக்கா வாயாரக் கிண்டல் செய்யாத நாளில்லை. "அவன் விக்கிறது மெத்தையா? பெரிய சைஸ் ரொட்டி" என்பாள். அது அவர் காதுக்குப் போகாமலா இருக்கும்? அன்று அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "உறை தைக்க ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்கீங்களே" என்று கேட்டாள். அவர் ஏற இறங்கப் பார்த்தார். "ரொட்டிக்குத் துணி சுத்தத் தெரியுமா?" என்று கேட்டார். அக்கா அதை மென்று விழுங்கிக்கொண்டு, "கத்துக்கறேன்" என்றாள். முன்பணம் கொடுத்தார். கிண்டலுக்குக் கிண்டல் முடிந்தது என்று அதோடு விட்டுவிட்டார். அந்த வகையில் நல்ல மனிதர்தான்.

பணத்தை வைத்தியசாலையில் கட்டிவிட்டு நேராக மீன்காரம்மாவிடம் போனாள். கூடை நிறைய மீன், ஈ ஓட்டிக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். தையல்காரரும் சைக்கிள் கடைக்காரரும் பார்க்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். அக்கா வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"மீன்ல ஒண்ணும் இல்ல. நான் கொடுத்த திண்டுதான். செத்த குட்டியோட பஞ்சை அடிச்சுத் தைச்சேன். எல்லாம் என்னாலதான். உன்னைச் சொன்னப்ப நான் 'ம்'னு சொன்னேன். அதுவும் தப்பு."

மீன்காரம்மா எழுந்தாள். தெரு இதுவரை கேட்காத வசவெல்லாம் அன்றைக்குக் கேட்டது. என் தாய்ப்பூனையைக் கொன்னியே, என் யாவாரத்தைக் கெடுத்தியே, பக்கத்துல உக்காந்து பேசிட்டே என்னைக் குத்தினியே என்று வாய்க்கு வந்தபடி திட்டி, கடைசியில் குரல் உடைந்து, "போடி, மெத்தை. இனிமே என் மொகத்துல முழிக்காத" என்றாள். மெத்தை என்பதுதான் அவள் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். கோபத்திலும் அது மாறவில்லை என்பதை அக்கா கவனிக்கிற நிலையில் இல்லை. அவள் வீடு வீடாகப் போனாள். சொன்னாள். திண்டுகளை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டாள். தையல்காரர் கதவை முகத்துக்கு நேரே சாத்திவிட்டு, பிறகு திண்டை ஜன்னல் வழியே போட்டார். சைக்கிள் கடைக்காரர் மகள் மட்டும், "என் பூனை இதுல சந்தோஷமாத்தான் தூங்குச்சு" என்று சொல்லிக் கொடுத்தாள். அதுதான் அக்காவை எல்லா வசவையும்விட அதிகமாக அடித்தது.

கொல்லையில் மூட்டைகளைக் கொண்டுவந்து குவித்தாள். உச்சியில் வெள்ளை மெத்தை. ஒரே ஒரு தடவை படுத்துப் பார்க்கலாமா என்று இருந்தது. உட்கார்ந்தாள். உள்ளங்கையால் தடவினாள். இடது மூலை நன்றாகத்தான் நிரம்பியிருந்தது, எந்தக் குறையும் இல்லை. படுத்துவிட்டால் பிறகு கொளுத்த மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. எழுந்துவிட்டாள். பஞ்சு எரியும்போது சத்தம் போடாது. நெருப்பு உறையின் ஓரமாக ஊர்ந்து, தையல் தையலாகப் பிரித்துக்கொண்டு போனது. பகல் வெளிச்சத்தில் தீ சரியாகத் தெரியவில்லை. மேலே காற்று நெளிவதும், வெள்ளை கறுத்துக்கொண்டே போவதும் மட்டும்தான் தெரிந்தன. அத்தனை பேர் கனவும் அதில்தான் போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. படகு, பூசணிக்காய், எல்லாம். அவள் வாய்விட்டு அழுதாள்.

பிறகு கடை வெறும் அறையாயிற்று. கழுவிக் கழுவித் தரை வெளுத்தது. வெளிச்சக் கம்பிகளுக்குள் மிதக்க ஒரு இழைகூட இல்லை. அவள் பகலெல்லாம் ஸ்பாஞ்சு கடையில் உறை தைத்தாள். ஒரு மத்தியானம் பழக்க தோஷத்தில் ஒரு ஸ்பாஞ்சு மெத்தையில் படுத்துப் பார்த்தாள். தூக்கமும் வரவில்லை, கனவும் வரவில்லை. எழுந்து வேலையைப் பார்த்தாள். சாயங்காலங்களில் வைத்தியசாலையில் கூண்டுக்கு முன்னால் உட்காருவாள். முதலாளி கண்ணைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள், நீ இன்னும் இங்கே என்ன செய்கிறாய், கடையை யார் பார்ப்பது என்கிற பழைய பார்வையை அரைக்கண்ணால் பார்த்தார். டாக்டர் சிரித்தார். அன்றைக்கு அவர் தாடி மழித்திருந்தார். பிழைத்த பூனைக்கு இந்த நோய் மறுபடி வராது, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்.

எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த முதலாளி வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார். பின்சுவரை ஒட்டி மெத்தை இருந்த இடத்தில் போய் நின்று ஒரு தடவை கத்தினார். வாசலில் நிழல் தட்டியது. மீன்காரம்மா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இலையில் சுற்றிய மீன் தலைகளைப் படியில் வைத்தாள்.

"அவருக்குத்தான். உனக்கில்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முதலாளி வாசனை பிடித்து வந்து, கொஞ்சம் தின்று, கொஞ்சம் மிச்சம் வைத்தார். அக்கா வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். அவர் யோசித்து யோசித்து வந்து, வேறு மெத்தை இல்லாத கடையில் இருந்த ஒரே மெத்தையான அவள் வயிற்றின்மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டார். கனமே இல்லை. அந்தக் கனமின்மைக்கு அடியில் அவள் மூச்சு மெல்ல ஏறி இறங்கியது. கண் சொக்கியது.

யாருடைய மெத்தையிலும் இல்லாமல் அவளுக்குக் கனவு வந்தது அன்றைக்குத்தான். அதனால் வந்த கனவை யாரிடமும் ஒப்பிக்க வேண்டியிருக்கவில்லை. சாம்பல் நிறக் குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது. தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, சளக் சளக்கென்று சத்தம் போட்டுக் குடித்தது.